சின்னமாமாவும் சிலிக்கன் சிப்பும்

போன மாரி முழுக்க, வேலை முடிந்து வந்து பேஸ்மென்ற்றுக்குள் இறங்கினால் நான் அங்கே என்ன செய்கிறேன் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒருநாள் இரவு ஒரு மணிக்கு மனைவி படியில் நின்று எட்டிப் பார்த்தார். மேசையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சின்னப் பலகை. அதில் ஐந்து சின்ன லைற்றுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

"இருபது வருசமாய்க் கொம்பியூட்டரோடைதானே மாரடிக்கிறியள். இப்ப ஐஞ்சு லைற்றைப் பத்தப் பண்ணவோ விடிய விடிய முழிச்சிருக்கிறியள்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முடியாமல் சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பயப்படவேண்டாம். முடிவில் இது வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும்.

2003இலிருந்து நான் மென்பொருள் எழுதிச் சீவிக்கிறேன். வங்கிக் கணக்கு, காப்புறுதி, சம்பளப் பட்டியல், இப்படியானவை. நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் எழுதுவது ஒரு மாடிக் கட்டிடத்தின் இருபதாம் தட்டில். எனக்குக் கீழே பத்தொன்பது தட்டுகள் இருக்கின்றன, அவை யாரோ கட்டியவை. லிஃப்ற்றில் ஏறி என் தட்டில் இறங்கி வேலை செய்துவிட்டு வந்துவிடுவேன். அத்திவாரத்தைப் பார்த்ததே கிடையாது.

ஒருநாள் மகன் ஆங்கிலத்தில் கேட்டான்: "அப்பா, கணினி இரண்டையும் மூன்றையும் உண்மையில் எப்படிக் கூட்டுகிறது?" ஒன்று, பூச்சியம், மின்சாரம் என்று ஏதோ சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அவனுக்குத் திருப்தியில்லை என்று தெரிந்தது. எனக்கும்தான். அந்தக் கணினியால் வீடு வாங்கியவன், அது கூட்டுவது எப்படி என்று ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்த முடியாமல் நிற்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் வாங்கியதுதான் இந்தச் சின்னப் பலகை. அதன் நடுவில் இருப்பது எஃப்.பி.ஜி.ஏ. என்கிற சிப்.

சாதாரண சிப் ஒன்று கொங்கிறீற் வீடு மாதிரி. ஊற்றியாயிற்று என்றால் ஊற்றியதுதான். சுவரை நகர்த்த முடியாது. 1994இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப்பில் ஒரு வகுத்தல் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. சிப்புக்குள் இருந்த ஓர் அட்டவணையில் சில எண்கள் விடுபட்டிருந்தன, அவ்வளவுதான். ஆனால் விற்ற சிப்பைத் திருத்த முடியாது, மாற்றித்தான் கொடுக்கவேண்டும். அதற்காக அந்த நிறுவனம் 475 மில்லியன் டொலர் ஒதுக்கவேண்டி வந்தது.

எஃப்.பி.ஜி.ஏ. அப்படியல்ல. அது சுவர் வைக்காத வீடு. உள்ளே ஆயிரக்கணக்கான குட்டிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு கம்பிகள் உள்ளே போகும், ஒன்று வெளியே வரும். நான்கு கம்பிகளில் ஒன்றும் பூச்சியமுமாக 16 விதமான சேர்க்கைகள் வரலாம். அந்த 16க்கும் என்ன பதில் சொல்லவேண்டும் என்று நாங்கள் நிரப்பிவிடவேண்டும். அவ்வளவுதான் அந்தப் பெட்டி. நிரப்புகிற விதத்தைப் பொறுத்து அது எந்தத் தருக்கப் படலையாகவும் மாறும். பெட்டிகளுக்கு நடுவே கம்பிகளும் ஆளிகளும் இருக்கின்றன. எந்தக் கம்பி எதோடு சேரவேண்டும் என்பதையும் நாங்களே சொல்லலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு அடுத்த நிமிடமே வேறொரு சுற்றை ஏற்றலாம். என்னிடம் இருக்கும் ஐஸ்ஸ்டிக் பலகையின் சிப்பில் இப்படி 1280 பெட்டிகள்.

'படலை' என்ற சொல்லை எழுதும்போது ஊர் ஞாபகம் வருகிறது. உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தில் தருக்கப் படலை என்று படித்தபோது எங்கள் வீட்டுக் கிடுகுப் படலைதான் கண்ணுக்குள் வந்தது. இப்போது யோசித்தால் அது பொருத்தமான சொல்தான். ஆள் வந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும்.

இந்தச் சிப்பின் கதையும் சுவையானது. றொஸ் ஃபிறீமன் என்ற பொறியியலாளர் வேறு இருவருடன் சேர்ந்து 1984இல் சைலிங்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1985இல் வந்த அவர்களுடைய முதல் சிப்பில் இருந்தவை வெறும் 64 பெட்டிகள். அந்தக் காலத்தில் சிப்புக்குள் ஒவ்வொரு ரான்சிஸ்டரும் பொன் மாதிரி. ஆளிகளுக்காகவே அவற்றை வீணாக்குவதா என்று கேட்கக்கூடிய காலம். ரான்சிஸ்டர் ஒருநாள் மலிவாகும், அப்போது வீணாக்குவது குற்றமாக இராது என்று ஃபிறீமன் நம்பினார். நம்பியது நடந்தது. ஆனால் அவர் 1989இலேயே காலமாகிவிட்டார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்கள் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2009இல். 2022இல் ஏ.எம்.டி. நிறுவனம் சைலிங்க்ஸை வாங்கியது.

இன்னொன்று, ரொறன்ரோவில் இருப்பவர்களுக்குச் சந்தோசமான செய்தி. நாங்கள் எழுதும் சுற்றை அந்தப் பெட்டிகளுக்குள் எங்கெங்கே வைப்பது, கம்பியை எந்த வழியால் இழுப்பது என்று தீர்மானிப்பது பெரிய வேலை. அதற்கான புகழ்பெற்ற ஆராய்ச்சி மென்பொருள் ஒன்றை 1997இல் வெளியிட்டவர்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வோன் பெற்ஸும் ஜொனதன் றோஸும். இத்தனை வருசம் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறேன், தெரியாது.

சரி, பலகை வந்தது. மென்பொருள்காரன்தானே, ஒரு கிழமையில் பிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். இதற்கு எழுதும் மொழி வெரிலொக். பார்வைக்கு சி மொழி மாதிரி இருக்கும். அங்கேதான் ஏமாற்று.

என் தொழிலில் ஒரு வரி முடிந்துதான் அடுத்த வரி நடக்கும். இரண்டு பேணிகள் இருக்கின்றன, ஒன்றில் பால், மற்றதில் பிளேன்ரீ. இரண்டையும் மாற்றிவிட மூன்றாவது பேணி ஒன்று வேண்டும். மென்பொருள் படிக்கும் பிள்ளைக்கு முதல் மாதம் சொல்லிக்கொடுப்பது இது. வெரிலொக்கில் மூன்றாவது பேணி தேவையில்லை. "இதிலுள்ளது அதற்குப் போகட்டும், அதிலுள்ளது இதற்கு வரட்டும்" என்று இரண்டு வரி எழுதினால், அடுத்த கடிகாரத் துடிப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் மாறிவிடும். முதல் தடவை பார்த்தபோது மந்திரம் மாதிரி இருந்தது. நான் எழுதியது கட்டளைகள் அல்ல, கம்பிகள் என்று மெல்ல மெல்லத்தான் உறைத்தது. கம்பிக்கு முதலாவது, இரண்டாவது என்று ஒன்றும் இல்லை. எல்லாக் கம்பியிலும் எல்லா நேரமும் மின்சாரம் ஓடுகிறது.

கனடா வந்து என் முதல் வேலை ஓர் உணவகத்துக் குசினியில். வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். ஒருவர் இறைச்சி வாட்டுவார், ஒருவர் சலாட் போடுவார், நான் கோப்பை கழுவுவேன். ஒருவர் முடியட்டும் என்று மற்றவர் காத்திருப்பதில்லை. மென்பொருள் என்பது வீட்டில் தனியாகச் சமைக்கும் ஆள் மாதிரி. எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் ஒரு கை அகப்பையில் இருக்கும்போது மற்ற வேலை நிற்கும். வன்பொருள் என்பது அந்தக் குசினி. ஐந்து லைற்றை ஐந்து வேகத்தில் மின்ன வைக்க நான் ஐந்து கணக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. அவ்வளவுதான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சேர்ன் ஆய்வுகூடத்தில் துணிக்கைக் கற்றைகள் விநாடிக்கு 40 மில்லியன் தடவை குறுக்கிடுகின்றன. எதை வைத்திருப்பது, எதை எறிவது என்ற முதல் தீர்மானத்தை எடுக்கும் இடத்தில் இந்த வகைச் சிப்புகள்தான் நிற்கின்றன. தனி ஆள் சமையல் அங்கே சரிவராது.

இத்தனை பேரும் ஒன்றாக நிற்கும் இடத்தில் ஒழுங்கு எப்படி வரும்? கடிகாரத் துடிப்பால். தேர் இழுக்கும்போது ஒரு சத்தம் எழும், எல்லோரும் ஒன்றாக வடத்தை இழுப்பார்கள், பிறகு மூச்சு விடுவார்கள். என் பலகையில் அந்தச் சத்தம் விநாடிக்கு 12 மில்லியன் தடவை எழுகிறது. ஒரு சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 83 நனோவிநாடி. அந்த நேரத்தில் ஒளிகூட 25 மீற்றர்தான் ஓடும், எங்கள் வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வாசல் மட்டும். அதற்குள் என் கம்பிகள் எல்லாம் கணக்கை முடித்துப் பதிலோடு நிற்கவேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் முதல் அடி விழுந்தது. ஓர் எண்ணை இலக்கம் இலக்கமாகக் காட்டவேண்டியிருந்தது. பத்தால் வகுத்து மீதியை எடுத்தேன். மென்பொருளில் அது ஒரு வரி, அதைப்பற்றி ஒரு விநாடிகூட யோசித்ததில்லை. இங்கே அந்த வரியை எழுதி ஏற்றப் போனால், சிப்பில் இடம் போதாது என்று வந்தது. 1280 பெட்டிகளையும் விழுங்கி இன்னும் கேட்கிறது! நான் கேட்டது, முழு வகுத்தலையும் ஒரே துடிப்பில் செய்து முடிக்கும் ஓர் இயந்திரத்தை. அதுவும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒன்று. இருபது வருசமாக நான் தினமும் இலவசமாக அள்ளிய வகுத்தலுக்கு இதுதான் விலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் ஐந்தாம் வகுப்பில் படித்த நீள்வகுத்தலுக்குத் திரும்பினேன். ஒரு துடிப்புக்கு ஒரு படி, கழித்துப் பார், முடியாவிட்டால் பூச்சியம் போடு, அடுத்த இலக்கத்தை இறக்கு. கொஞ்சப் பெட்டிகளுக்குள் அடங்கிவிட்டது.

அடுத்தது பொத்தான். பலகையோடு வெளியே ஒரு பொத்தானை இணைத்து, அமத்தும் ஒவ்வொரு தடவையும் எண் ஒன்றால் கூடவேண்டும். கணினியில் பாவனை செய்து பார்த்தேன், சரி. பலகையில் ஏற்றி அமத்தினேன். ஒன்று ஏழானது. மறுபடி அமத்தினேன், பத்தானது. பிறகு பதினொன்று. பிறகு பதினாறு. என் எழுத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். பிழை இல்லை. இரண்டு கிழமை இப்படியே போயிற்று.

இங்கே சின்னமாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் ஒழுங்கை முகப்பில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கி மின்சாரம் போனபோது எனக்கு 13 வயது. பற்றரிக்கும் தடை. ரேடியோ இல்லாவிட்டால் உலகத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியாது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவைத்து, பெடலைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். பெடல் சுற்றுவது என் வேலை. தமிழோசை முடியும்வரை கை ஓயக்கூடாது.

டைனமோவிலிருந்து வருவது முன்னும் பின்னும் ஓடும் மின்சாரம். அதை அப்படியே ரேடியோவுக்குக் கொடுக்க முடியாது. மாமா நாலு டயோட்டைக் கோத்து அதை ஒரு பக்கமாகத் திருப்புவார். பிறகு ஒரு பெரிய கப்பாசிட்டர். பற்றவைக்க மின்சாரம் இல்லாததால், செம்புத் தலை வைத்த கோல் ஒன்றைச் சிரட்டைக்கரி நெருப்பில் காயவைத்து ஈயத்தை உருக்குவார். கப்பாசிட்டர் எதற்கு என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது:

"மழை விட்டு விட்டுத்தான் பெய்யும். ஆனா கேணியிலை இருந்து இறைச்சா தண்ணி ஒரே சீராய் வரும். இது கேணி."

எனக்கு அந்தக் கடையில் இருக்கவே பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது. "படிக்கிற பிள்ளை அங்கை போய் என்ன செய்யிறாய்? நீயும் ரேடியோக்காரனாய்ப் போகப் போறியோ?" சொந்தத் தம்பியைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். மாமா உயர்தரத்தில் சித்தியடையாதவர், கையில் கரி பிடித்தவர். எங்கள் சனத்துக்குத் தலையால் செய்யும் வேலைதான் வேலை. கையால் செய்வது, படிப்பு ஏறாதவனுக்கு. இதை எனக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. ஆனால் வடிவாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். உயர்தரம் எடுக்கத் தொடங்கியபோது கடைப்பக்கம் போவதை நானே நிறுத்திக்கொண்டேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாரும் வெளிக்கிட்டபோது மாமா ஒரு துணிப்பையில் மல்ற்றிமீற்றரையும் அந்தச் செம்புக் கோலையும் எடுத்து வந்தார். தென்மராட்சியில் இருந்தோம். 1996இல் திரும்பிப் போனபோது கடையில் சுவர் மட்டும்தான் மிச்சம். 1998இல் நான் இங்கே வந்துவிட்டேன். மாமா ஊரிலேயே நின்றுவிட்டார். கலியாணம் செய்யவில்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ரேடியோ திருத்த யாரும் வருவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசி எடுப்பேன். மூன்றே மூன்று கேள்வி: சுகமோ, மருந்து எடுக்கிறியளோ, காசு வந்ததோ. அவரும் மூன்று பதில் சொல்லுவார். இருபது வருசத்துக்கு மேலாக இதுதான் எங்கள் கதை.

பொத்தானோடு மல்லுக்கட்டிய அந்தச் சனிக்கிழமையும் எடுத்தேன்.

"என்ன தம்பி, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை மாமா. ஒரு சுவிச்சு. ஒருக்கா அமத்தினா ஏழுதரம் அமத்தின மாதிரிக் காட்டுது. ரெண்டு கிழமையாய் மண்டையைப் போட்டு உடைக்கிறன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"சுவிச்சு துள்ளுது" என்றார்.

"என்ன மாமா?"

"உள்ளுக்கை இருக்கிறது தகடு எல்லோ? தகடு தகட்டிலை முட்டினவுடனை நிக்காது. கீழை போட்ட காசு மாதிரிக் கொஞ்சம் துள்ளிப்போட்டுத்தான் நிக்கும். உன்ரை சாமான் கெட்டிக்காரச் சாமான், அது எல்லாத் துள்ளலையும் எண்ணுது. நீ கேணியை மறந்திட்டாய் என்ன?"

உண்மையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேணி என்று நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவர்தான் எனக்கு ஞாபகப்படுத்தினார்.

விளக்கம் முழுக்கச் சரி. தகடு துள்ளி அடங்கச் சில மில்லிவிநாடி எடுக்கும். மனிதருக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் என் சிப்பில் ஒரு மில்லிவிநாடிக்குள் 12,000 துடிப்புகள். ஒவ்வொரு துள்ளலும் அதற்கு ஒரு தனி அமத்தல். சிப்புக்குள்ளேயே 240,000 துடிப்புகள் எண்ணி, 20 மில்லிவிநாடி பொறுத்திருந்து பார்க்கும் ஒரு கணக்கியையும் வைக்கலாம், அதுவும் சரியான வழிதான். ஆனால் மாமா சொன்னபடி பத்தாயிரம் ஓம் தடை ஒன்றும் ஒரு மைக்ரோபரட் கப்பாசிட்டர் ஒன்றும் போட்டேன். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறையப் பத்து மில்லிவிநாடி இழுபடும். துள்ளல் கேணிக்குள் போய் அடங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த இரவு சும்மா நூறு மட்டும் அமத்திக்கொண்டிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை. சில நூறு தடவை அமத்தினால் ஒருதடவை சிப் அப்படியே உறைந்துபோய் நிற்கும். இது மாமாவின் காலத்துப் பிரச்சினை இல்லை, நானே தேடவேண்டியிருந்தது.

காரணம் இதுதான். சிப்புக்குள் எல்லாரும் துடிப்புக்கு இழுப்பவர்கள். பொத்தான் வெளியாள். அதற்கு இந்தத் தாளம் தெரியாது, நினைத்த நேரம் வரும். பிளிப்-பிளொப் என்ற சின்ன நினைவுப்பெட்டி ஒன்று 'ஒன்றா பூச்சியமா' என்று பார்க்கும் அதே கணத்தில் பொத்தான் மாறினால், அதனால் முடிவெடுக்க முடியாது. விளிம்பில் நிற்கும் நாணயம் மாதிரி, இரண்டும் இல்லாமல் கொஞ்ச நேரம் நிற்கும். அது மட்டுமல்ல, நான் அந்தப் பொத்தானை இரண்டு இடங்களுக்கு நேரே இழுத்திருந்தேன். ஒன்று 'அமத்தியாயிற்று' என்று எடுத்துக்கொள்ள மற்றது 'இன்னும் இல்லை' என்று எடுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து, நான் எழுதவே எழுதாத ஒரு நிலைக்குப் போய் மாட்டிக்கொண்டது.

மருந்து எளியது. வாசலில் இரண்டு பிளிப்-பிளொப்புகளை வரிசையாக நிறுத்தவேண்டும். முதலாவது தடுமாறினாலும் பரவாயில்லை, அடுத்த துடிப்பு வருவதற்குள் நாணயம் ஏதோ ஒரு பக்கம் விழுந்துவிடும். இரண்டாவது சொல்லும் பதிலை மட்டும்தான் உள்ளே எல்லாரும் கேட்கவேண்டும். அகதி வழக்கு முடிவுக்காக நான் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் ஞாபகம் வந்தன. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அதற்கும் பொறுத்திருப்பதைத் தவிர வேறு மருந்து இருக்கவில்லை.

இதில் என்னைப் பிடித்து உலுப்பியது ஒன்று உண்டு. இரண்டு பிளிப்-பிளொப் போட்டாலும் பிழை வராது என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். இத்தனை வருடங்களுக்கு ஒருதடவை வரலாம் என்று கணக்குத்தான் சொல்லுவார்கள். அந்த வருடங்களை எவ்வளவு நீட்டலாம் என்பதுதான் அவர்கள் கெட்டித்தனம். மென்பொருள்காரனுக்கு ஒன்று சரி, அல்லது பிழை. நான் அப்படித்தான் இருபது வருசம் யோசித்தேன். கீழ்த்தட்டுக்கு இறங்கி வந்தால் அங்கே தகடு துள்ளுகிறது, மின்சாரம் போய்ச்சேர நேரம் எடுக்கிறது, நாணயம் விளிம்பில் நிற்கிறது. நான் எழுதும் சுத்தமான ஒன்றும் பூச்சியமும் தானாக வந்தவை அல்ல. யாரோ கையில் கரி பிடித்தவர்கள் இந்தத் துள்ளலை எல்லாம் அடக்கி, சுத்தமாக்கி, மேல்தட்டுக்கு அனுப்பியவை.

மேல்தட்டில் இருந்துகொண்டு நாங்கள் அவர்களை ரேடியோக்காரன் என்றோம்.

இங்கே வந்த பிறகும் அந்தப் பாடத்தை மறக்கவில்லையே நாங்கள். பிள்ளை கணக்கில் தொண்ணூறு எடுத்தால் கொண்டாட்டத்தில் நாலுபேருக்குச் சொல்லுவோம். அதே பிள்ளை உடைந்த விசிறியைக் கழற்றிப் பூட்டினால், "உதை விட்டிட்டுப் போய்ப் படி" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். சொன்ன வாயால்தான் இதை எழுதுகிறேன்.

மென்பொருளில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் வர ஆசையென்றால் இப்போது நல்ல காலம். முன்பு நிறுவனங்கள் தரும் பெரிய பெரிய மென்பொருட்கள் இல்லாமல் இந்தச் சிப்புகளைத் தொடவே முடியாது. 2015இல் குளயர் வுல்ஃப் என்பவரும் கூட்டாளிகளும் ஐஸ் 40 என்ற சிப்புக் குடும்பத்தின் உட்புறத்தை அலசி ஆராய்ந்து, முழுக்க முழுக்கத் திறந்த மென்பொருளால் அதற்கு எழுத வழி செய்தார்கள். ஐஸ்ஸ்டோர்ம், யோசிஸ் என்று தேடிப் பாருங்கள். என் பலகை அந்தக் குடும்பம்தான். எழுதியதைச் சிப்பில் ஏற்றி முடிக்கச் சில விநாடிகள். முதலில் லைற்றை மின்ன வையுங்கள். பிறகு ஒரு பொத்தான். வெரிலொக்கை வாசிக்கும்போது "அடுத்ததாக என்ன நடக்கும்" என்று கேட்காதீர்கள், "இது என்ன கம்பி" என்று கேளுங்கள். எனக்கு இதை யாராவது முதலே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

மகனுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். இரண்டையும் மூன்றையும் கூட்டும் சுற்றைக் கடதாசியில் படலை படலையாகக் கீறி, பிறகு பலகையில் ஏற்றி, லைற்றில் ஐந்து என்று காட்டினேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டான். இவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவன் பேஸ்மென்ற்றை விட்டுப் போக ஒரு மணித்தியாலம் எடுத்தது.

மாமாவுக்குப் பலகையின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு பிளிப்-பிளொப் கதையையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு படத்தைப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறார் போல.

"தம்பி, உந்தச் சுவிச்சுக்கு ஈயம் பத்தவைச்சது ஆர்?"

"நான்தான் மாமா."

"பாத்தா தெரியுது. ஈயம் மங்கிப்போய் உருண்டையாய் நிக்குது. சூடு காணாது. கம்பியைக் காயவை, ஈயத்தைக் காயவைக்காதை. கம்பி காய்ஞ்சா ஈயம் தானாய் ஓடும். திருப்பிச் செய்."

திருப்பிச் செய்தேன். இரண்டாவது படத்துக்கு "பரவாயில்லை" என்று மட்டும் பதில் வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் மூன்று கேள்வியோடு முடிவதில்லை. மருந்து எடுத்தாரா என்று கேட்க மறந்துபோய்த் திருப்பி எடுக்கவேண்டியிருக்கிறது. போன கிழமை அவர் கேட்டார்:

"உந்தச் சாமானாலை ஒரு ரேடியோ செய்யலாமோ?"

செய்யலாம். செய்திருக்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் செய்யத் தெரியாது. அதைச் சொன்னேன்.

"அப்ப அன்ரெனாப் பக்கத்தை நான் சொல்லுறன். மிச்சத்தை நீ பார்" என்றார்.